யன்னலடியில் வைத்த ஹீற்றர்

மின்சாரத்தில் சூடு போடுவோம் என்று என் கணவர் சொன்ன அன்றே, இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவர் எதையும் அவ்வளவு சுருக்காக முடிவு செய்கிறவர் அல்ல. ஒரு சோடிச் சப்பாத்து வாங்குவதற்கே கடை கடையாக ஏறி இறங்குவார்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. நான் ஆசைப்பட்டது செவன் கிங்ஸ் பக்கம் பார்த்த, சின்னதும் புதியதுமான ஒரு வீட்டுக்கு. "அது நெருப்புப்பெட்டி, இதெல்லோ வீடு" என்று சொல்லி இதை எடுப்பித்தவர் அவர்தான். உயரமான கூரை, தெருவுக்குள் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய யன்னல், அறைக்கு அறை பழைய கணப்படுப்பு. நாங்கள் வாங்கியது கோடையில். கோடையில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

குளிர் தொடங்கிய பிறகுதான் வீட்டின் குணம் தெரிந்தது. முன் அறையில் ஒரு பழைய காஸ் நெருப்பு இருந்தது. அதற்கு முன்னால் நின்றால் முழங்கால் சுடும், முதுகு விறைக்கும். மாடிக்கு ஒரு மண்ணெண்ணெய் ஹீற்றர். அதன் மணம் மகளின் பள்ளிக்கூட உடுப்பில் ஏறி, எத்தனை தோய்த்தாலும் போகாது. காலையில் யன்னல் கண்ணாடியின் உட்பக்கமாகத் தண்ணீர் வழியும். அலுமாரியை நகர்த்தினால் பின்சுவர் கறுப்பாகப் பூத்திருக்கும். முன் அறையில் நனைந்த சாக்கு மணம் ஒன்று எப்போதும் இருந்தது. எந்த யன்னலைத் திறந்தாலும் அது போகவில்லை. நான் அப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். வேலைக்குப் போகிறேன் என்பதைவிடச் சூட்டுக்குப் போகிறேன் என்றுதான் காலையில் புறப்படுவேன்.

தெருவில் பாதி வீடுகளில் காஸ் பொயிலர் வைத்து, குழாய் இழுத்து, அறைக்கு அறை ரேடியேற்றர் போட்டிருந்தார்கள். எங்கள் குசினி அடுப்புக்கும் காஸ் வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் நாங்களும் அதைத்தான் செய்வோம் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தலை நிமிராமல் சொன்னார்.

"காஸ் வேண்டாம். ஸ்ரோரேஜ் ஹீற்றர் போடுவம். அது கறண்டில வேலை செய்யிறது. ராவில மலிவுக் கறண்டை எடுத்து உள்ளுக்கை இருக்கிற கல்லுகளைச் சூடாக்கும். பகல் முழுக்க அந்தச் சூடு மெல்ல மெல்ல வெளியில வரும்."

"ஆர் சொன்னது?"

"எட்மண்டன் அண்ணை."

எட்மண்டன் அண்ணை என்று நாங்கள் சொல்வது, அவருடைய ஊரிலிருந்து எங்களுக்கு வெகு முந்தி வந்து லண்டனின் எட்மண்டன் பகுதியில் இருந்த ஒருவரை. நல்ல மனிதர். ஆனால் அவருடைய மச்சான் ஒரு எலெக்ட்ரீசியன். சரி, அந்த ஆளுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த முறை கோயிலில் கண்டபோது நேரடியாகவே கேட்டேன்.

"அண்ணை, உங்கட மச்சானே எங்கட வீட்டு வேலையைச் செய்யப் போறார்?"

அவர் சிரித்தார். "அவன் கவுன்சில் வேலை, தங்கச்சி. வெளி வேலை எடுக்கிறேல்லை. எனக்கு இதிலை என்ன கிடக்கு? உம்மட மனுசன்தான் என்னட்டை வந்து கேட்டவர், காஸை விட்டால் வேறை என்ன வழி இருக்கெண்டு. நான் தெரிஞ்சதைச் சொன்னன்."

அண்ணையின் மேலிருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. என் கணவர்மேல் வந்தது. காஸை விட்டால் வேறு என்ன வழி என்று போய்க் கேட்டிருக்கிறார் என்றால், காஸை விட வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

கொஞ்ச நாளில் ஹீற்றர் விற்கும் கடையிலிருந்து ஒருவர் அளவெடுக்க வந்தார். நான் என்ன கேட்டாலும் கேட்டு முடிக்க முன்னமே "நிச்சயமாக" என்று சொல்லும் ஆள். மாலையில் நாங்கள் வேலையால் வரும்போதும் சூடு இருக்குமா என்றேன். நிச்சயமாக, இந்தக் குமிழைத் திருப்பினால் போதும் என்றார். எனக்கு அவரில் துளியும் நம்பிக்கை வரவில்லை. என் கணவர் அவரிடம் சூட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அறையின் உட்பக்கச் சுவரோரம் போய், குதிக்காலால் நிலத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்தவர் யன்னலுக்குக் கீழே அளந்தார். குளிர் உள்ளே வருவது யன்னலால்தான், அதனால் எல்லோரும் ஹீற்றரை அங்கேதான் வைப்பார்கள் என்றார். என் கணவர் உட்சுவரைக் காட்டினார்.

"இங்கேதான் வேண்டும்."

ஏன் என்று வந்தவர் கேட்டதற்கு, யன்னலடியில் வெளிச்சம் மறைந்துவிடும் என்றார். முழங்கால் உயரமுள்ள ஒரு பெட்டி என்ன வெளிச்சத்தை மறைக்கும்? இந்த வெளிச்சக் கதையை நான் முதலிலும் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்த புதிதில் என் தையல் மெசினை யன்னலடியில் வைக்கக் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். அது இரும்புக் காலுள்ள பழைய மெசின். அதை மாடியில், விறைக்கிற அறையில் கொண்டுபோய் வைத்தார். நான் தைப்பது தெருவில் போகிறவர்களின் கண்ணில் படக்கூடாது என்று நினைக்கிறாராக்கும் என்று அப்போது விட்டுவிட்டேன்.

அவருக்குச் சொல்லாமல் ஒரு காஸ் வேலைக்காரரை வரச் சொன்னேன். என்ன செலவாகும், எங்கே குழாய் போகும் என்று தெரிந்துகொண்டால், பிறகு அவரோடு வாதாடலாம் அல்லவா. என் கணவர் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் ரிக்கற் கொடுக்கும் வேலையில் இருந்தார். அன்று அவருக்குக் காலை ஷிப்ட். காஸ்காரர் முழங்காலில் இருந்து, யன்னல் பக்கத்து மூலையில் கார்பெட்டை மெல்ல உரிக்கத் தொடங்கினார். பலகையைக் கிளப்பித்தான் குழாய் போட வேண்டும், கீழே எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன் என்றார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. என் கணவர் யூனிபோர்மோடு வந்து நின்றார். அன்றைக்கென்று நேரத்தோடு விட்டிருக்கிறார்கள்.

"வேண்டாம், வேண்டாம். நாங்கள் வேறு முடிவு எடுத்துவிட்டோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்து, அந்த மனிதரின் கையிலிருந்த கார்பெட் நுனியைப் பறித்து, காலால் மிதித்து அமத்தினார். காஸ்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஏன் அந்தாளைக் கலைச்சனீங்கள்?"

"காஸ் வெடிக்கும்."

"அப்ப குசினியில வாறது என்ன, தண்ணியே?"

 சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே வேறொன்று சொன்னார். "நிலமெல்லாம் கிண்டி பைப்பைப் போட்டிட்டு, பிறகு கழட்டிக்கொண்டு போகேலுமே?"

 எங்கே கழற்றிக்கொண்டு போவது?

அவருடைய தங்கச்சி ரொறன்ரோவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் எடுப்பாள். அவர் ரிசீவரை வாங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார். அந்த வருடங்களில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் பலர் லண்டனை விட்டுக் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. இருக்கப் போகிறவன் குழாய் போடுவான், போகப் போகிறவன் சுவரில் ஒரு பெட்டியை மாட்டுவான். வீட்டை வாங்கி ஒரு வருடம் ஆவதற்குள்ளேயே இவர் கிளம்பத் திட்டம் போடுகிறார், எனக்கும் மகளுக்கும் கடைசியில்தான் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெளிவாயிற்று. அவர் இல்லாத ஒரு மத்தியானம் மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், உண்மையைச் சொல்லும். உங்கட அண்ணை கனடாவுக்கு வாறதெண்டு நிக்கிறாரே?"

 அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மச்சாள் இப்பிடிக் கேக்கிறியள்? நான் எத்தினை தரம் வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுறன். நீங்கள்தானே லண்டனை விட்டு அசைய மாட்டன் எண்டு நிக்கிறியளாம். அப்பிடித்தான் அண்ணை ஒவ்வொரு கிழமையும் சொல்லுறவர்."

என்னிடம் யாரும் எதுவும் கேட்டதே இல்லை. போனை வைத்தேன். அவருக்குப் போக விருப்பமில்லை, அதற்கு என்னைச் சாட்டியிருக்கிறார். ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் எரிச்சல். ஆனால் கனடா இல்லையென்றால் பின்னே இந்த மனிதர் எதற்காகக் காஸுக்கு இப்படிப் பயப்படுகிறார்? வேறு பெண் யாராவது இருக்குமோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். ஹீற்றருக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.

ஹீற்றர் பூட்டுகிற நாள் வந்தது. அவர் லீவு கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. வாசலில் நின்று மூன்று நாலு தரம் ஒன்றையே சொன்னார்.

"உட்சுவரோடதான் வைக்க வேணும். யன்னலடியில வைக்க விடாதையும்."

"ஏன்?"

"சொல்லுறதைச் செய்யும்."

அந்த ஒரு சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அவர் சொன்னபடியே செய்திருப்பேன்.

வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள். முதலில் ஒரு வெறும் தகரக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். இவ்வளவுதானா என்று பார்த்தேன். பிறகு வாசலில் நின்ற வான் வண்டியிலிருந்து கற்களைத் தூக்கிவரத் தொடங்கினார்கள். கறுத்த, தட்டையான கற்கள். ஒவ்வொரு கல்லையும் வைக்கும்போது அவர்களுக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்குள் இன்னொரு சுவர் கட்டப் போகிறார்களோ என்று தோன்றியது. மூத்தவர் கடையில் கீறிய படத்தைப் பார்த்து உட்சுவரைக் காட்டினார். நான் யன்னலைக் காட்டினேன்.

"படத்தில் அப்படி இல்லையே, அம்மணி."

"என் கணவர் மனதை மாற்றிவிட்டார்" என்றேன்.  குளிருக்குள் அந்த யன்னலடியில் கதிரை போட்டு இருக்கிறவள் நான்தானே. அதோடு, அங்கே வைத்தால் என்ன நடக்கும் என்றும் பார்க்க வேண்டியிருந்தது. மூத்தவர் சப்பாத்துக் காலால் கார்பெட்டை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். "பழைய வீடு" என்று மட்டும் சொன்னார். யன்னலடியில் வைத்தார்கள்.

பின்னேரம் என் கணவர் வந்து அறை வாசலில் நின்றார். கையில் சாப்பாட்டுப் பெட்டி. சண்டை பிடிப்பார் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. மாடிப்படியில் போய் இருந்துவிட்டார்.

"நான் என்ன சொன்னனான் உமக்கு?" என்றார், மிக மெல்லிய குரலில்.

அடுத்த நாள் காலையில் மாடியால் இறங்கி வந்தபோது, அந்த வீட்டில் முதல்முறையாகக் காலில் சூடு பட்டது. கண்ணாடியில் தண்ணீர் இல்லை. மகள் ஹீற்றரோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். பின்னேரம் அதே பெட்டி பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்துவிடும் என்பது வேறு கதை. "நிச்சயமாக" என்றவர் அதை மட்டும் சொல்லவில்லை. என்றாலும் காலையில் கிடைத்த அந்தச் சுகத்துக்காக நான் மற்றதைப் பொறுத்துக்கொண்டேன்.

அவர்தான் நிம்மதியாக இல்லை. மகள் அதன் பக்கத்தில் போனால், "எழும்பு, எழும்பு, அங்கை இருக்காதை" என்பார். அறைக்குள் நடப்பதென்றால் சுவரோரமாகச் சுற்றித்தான் நடப்பார். சில நேரம் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஹீற்றரின் மேல் விளிம்பைப் பார்ப்பார்.

"ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்குதோ?"

"வடிவாத்தானே கிடக்கு. உங்களுக்குத்தான் என்னவோ சரியில்லை."

ஒரு ஞாயிறு எட்மண்டன் அண்ணையையும் அவருடைய மனைவியையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். அண்ணை பருத்த ஆள். சாப்பிட்டு முடிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஹீற்றருக்கு முதுகைக் காட்டியபடி யன்னலடியில் போய் நின்றார்.

"பாத்தீரே தங்கச்சி, நான் சொன்ன சாமான் எப்பிடி?"

"அண்ணை, இஞ்சாலை வந்து இருங்கோ" என்றார் என் கணவர்.

"விடும் தம்பி, இதிலைதான் சுகம்."

"இல்லை அண்ணை, இஞ்சை வாங்கோ" என்று அவர் எழும்பவும், மரம் முறிகிற சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. ஹீற்றரின் ஒரு கால் கார்பெட்டோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. பெட்டி முன்பக்கமாகச் சாய, சுவரில் அதைப் பிடித்திருந்த ஆணிகள் காரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. அண்ணை அந்த உடம்போடு எப்படி அவ்வளவு தூரம் பாய்ந்தார் என்று தெரியவில்லை. அவருடைய மனைவி மகளை இழுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை நிறுத்தினார்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வந்ததும் அண்ணை குனிந்து கார்பெட்டைப் புரட்டினார். நனைந்த சாக்கு மணம் குப்பென்று எழும்பியது. பலகைகள் கறுத்துக் கிடந்தன. இடுக்குகளில் வெள்ளையாகச் சிலந்திவலைபோல ஏதோ படர்ந்திருந்தது. அண்ணை விரலால் குத்தினார். விரல் பலகைக்குள் போனது.

"இது இண்டைக்கு நேற்று உக்கினது இல்லைத் தம்பி."

அவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியமே இல்லை.

அண்ணையும் மனைவியும் போனதும், மகளை மாடிக்கு அனுப்பிவிட்டு அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன்.

"எப்ப தெரியும்?"

"வந்த கிழமையே" என்றார். "ரீவி வயர் இழுக்கேக்குள்ளை கார்பெட்டைக் கிளப்பினன். ஸ்குரூ டிரைவர் கேக்குக்குள்ளை போறமாதிரிப் போச்சு."

"அதுதான் காஸ்காரனைக் கலைச்சனீங்கள்."

"ஓம்."

"தையல் மெசினும்?"

"ஓம்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

 "நீர் கேட்ட வீட்டை வேண்டாமெண்டு சொல்லி இதை எடுப்பிச்சது நான். வந்து ஒரு கிழமைக்குள்ளை, நிலம் உக்கிப்போய்க் கிடக்கெண்டு எந்த முகத்தோட சொல்லுறது? கொஞ்சம் பொறுத்து, நீர் அறியாமல் ஆரையும் கொண்டு திருத்துவம் எண்டு நினைச்சன். அதுக்குள்ளை நீர் பைப் பைப்பெண்டு நிண்டீர்." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "அந்தக் கல்லுகளின்ர பாரம் எனக்குத் தெரியும். அதாலதான், நிலம் பழுதாகாத உட்சுவரோட வையுமெண்டனான். நீர் கேக்கேல்லை."

"ஏனெண்டு நீங்கள் சொல்லேல்லை."

இரண்டு பேரும் அந்தச் சாய்ந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கேட்கிற கேள்வியை இப்போதே கேட்டுவிடுவோம் என்று ரொறன்ரோக் கதையையும் எடுத்தேன். எனக்குத் தெரியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அங்கை போனால் அவளின்ர வீட்டிலைதான் முதலிலை இருக்க வேணும். தங்கச்சி வீட்டிலை என்னாலை இருக்க ஏலாது. அதை அவளுக்கு நேரை சொல்லவும் ஏலாது" என்றார். எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அன்றைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

தச்சு வேலைக்கு வந்தவர் ஒரு ஐரிஷ்காரர். முன் அறைப் பலகைகளைக் கழற்றியபோது கீழே வெறும் ஈர மண் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு அடியில் அப்படி ஒரு இருட்டு இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வெளிச்சுவரின் அடியில் காற்றுப் போக ஓட்டைகள் விட்டிருப்பார்களாம். முந்தி இருந்த யாரோ குளிர் வருகிறதென்று அவற்றைச் சீமெந்து பூசி அடைத்துவிட்டிருந்தார்கள். காற்று ஓடாமல், பலகைகளைத் தாங்கும் வளை மரங்களின் நுனி உக்கிவிட்டது என்று விளங்கப்படுத்தினார். உக்கியதை வெட்டி எறிந்து புது மரம் பொருத்தினார். ஓட்டைகளைத் திறந்தார்.

பலகை அடிக்க முன், கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "காஸ் குழாய் போட நினைத்தால் இதுதான் நேரம். நிலம் திறந்து கிடக்கிறது."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும்."

பிழையாகப் போனால் என் தலையில் போடுவதற்காகக் கேட்கிறாரா, உண்மையாகத்தான் கேட்கிறாரா? அவருடைய முகத்தைப் பார்த்து எனக்கு முடிவு செய்ய முடியவில்லை. அதனால் அவரை விட்டுவிட்டுத் தச்சரிடம் கேட்டேன். இந்த அறை மட்டும் திறந்தால் போதுமா? போதாது, பின் அறையும் மாடியும் கிளப்ப வேண்டிவரும் என்றார். பின் அறையில் ஒரு பலகையை இப்போதே கிளப்பிக் காட்டுங்கள் என்றேன். அது உங்கள் கணக்கில் இல்லையே என்று சொல்லிக்கொண்டு கிளப்பினார். நானே முழங்காலில் இருந்து, கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். காய்ந்த மரம். விரல் போகவில்லை.

"கறண்டே இருக்கட்டும்" என்றேன்.

என் கணவருக்கு அது விளங்கவில்லை. "உமக்குக் காஸெல்லோ வேணுமெண்டு நிண்டனீர்?"

"அப்ப நிண்டனான். இனி இந்த வீட்டிலை இன்னொரு நிலத்தையும் திறந்து பாக்க எனக்கு மனம் இல்லை. காலமைச் சூட்டுக்கு இது காணும். பின்னேரத்துக்கு ஒரு சின்ன ஃபான் ஹீற்றர் வாங்குவம்."

தச்சர் யன்னலடியில் ஒரு வளையைக் கூடுதலாகப் போட்டு, இனி இதில் காரையே கொண்டுவந்து நிறுத்தலாம் என்றார். ஹீற்றர் பூட்டிய இரண்டு பேரும் திரும்பி வந்து கற்களை எல்லாம் இறக்கி, பெட்டியை நிமிர்த்தி, மறுபடியும் அடுக்கினார்கள். எங்கே வைப்பது என்று கேட்டபோது என் கணவர் என்னைப் பார்த்தார். யன்னலடியில் என்றேன்.

அடுத்த நாள் காலை நான் தேத்தண்ணியோடு வந்தபோது, அவர் யன்னலடியில் கதிரையை இழுத்துப் போட்டு, ஹீற்றரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இருந்தார். அந்த இடத்தில் அவர் இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை.

"வாரும், இதிலை இரும். நல்ல சூடு" என்றார்.

நான் தேத்தண்ணியை அவரிடம் கொடுத்தேன். என் கதிரையையும் அங்கே கொண்டுபோனேன். இருக்க முன், குதிக்காலை ஊன்றி நிலத்தை அழுத்திப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு இடத்திலும் அழுத்திப் பார்த்துவிட்டு இருந்தேன்.